பெயர் கேட்காத வாசல்: ஒரு தீவில் தங்குதலின் வரலாறு

திருவண்ணாமலை பிறரைத் தங்கவைத்தே வளர்ந்த ஊர். பௌர்ணமிதோறும் 14 கிலோமீட்டர் கிரிவலப் பாதையில் நடந்து முடிப்பவர்களுக்கும், கார்த்திகை தீபத்துக்கு முதல் நாளே வந்து சேர்பவர்களுக்கும், ரமணாசிரமத்துக்கு முன்கூட்டியே எழுதிக் கேட்டுச் சில நாள் இருந்துவிட்டுப் போகும் வெளிநாட்டாருக்கும் தலைசாய்க்க ஓர் இடம் வேண்டும். கோயிலைச் சுற்றியுள்ள வீதிகளில் பெருகிய அந்தத் தேவை, காலப்போக்கில் வேங்கிக்கால் வரை வந்துவிட்டது. 1989இல் வட ஆர்க்காடு பிரிக்கப்பட்டுப் புதிய மாவட்டம் பிறந்தது. ஆட்சியர் அலுவலகம் வேங்கிக்காலில் அமைந்தது. ஏரிக்கரைக் கிராமமாக இருந்த எங்கள் ஊர், மனு கொடுக்க வருபவர்களும் மலையைத் தொழ வருபவர்களும் ஒருசேரக் கடந்துபோகும் வாசலாயிற்று.

விருந்தினரை வரவேற்றுப் பழகிய ஊர்க்காரர்கள் தாமே விருந்தினராகப் புறப்படும்போது சற்றுத் தடுமாறுவது இயல்பு. எங்கள் மாவட்டத்துக்குக் கடல் கிடையாது. குறைந்த செலவில் கடலோரத்தில், அதிலும் ஒரு தீவில், இரண்டு இரவு தங்கி வர வேண்டுமென்று திட்டமிட்டால், ஐரோப்பியர்களுக்குக் கிரேக்கத் தீவுகள் நினைவுக்கு வருவதுபோல நமக்கு முதலில் நினைவுக்கு வருவது ராமேசுவரம். காட்பாடி–விழுப்புரம் இருப்புப் பாதையில் விழுப்புரம் சென்று, அங்கிருந்து தெற்கு நோக்கி வண்டி மாறினால் மறுநாள் பாம்பனைத் தாண்டிவிடலாம். பயணம் எளிது. எங்கே தங்குவது, எதை உண்பது, வாசலில் நம்மிடம் என்ன கேட்பார்கள் என்ற மூன்று கேள்விகளே எஞ்சுகின்றன. இம்மூன்றுக்கும் ஒவ்வொரு காலமும் வெவ்வேறு விடை தந்திருக்கிறது. அவ்விடைகளை வரிசைப்படுத்திப் பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

சத்திரங்களின் பாதை

இருநூறு ஆண்டுகளுக்கு முன் சேதுவுக்குப் புறப்பட்டவர் கையில் பணம் இருந்தாக வேண்டும் என்ற கட்டாயமில்லை. தஞ்சை மராட்டிய அரச குடும்பத்தார் நீடாமங்கலம், ஒரத்தநாடு, ராஜாமடம், மணமேல்குடி, மீமிசல் எனச் சேதுவை நோக்கிய வழியில் சத்திரங்களை எழுப்பியிருந்தனர். அவற்றுள் பல, அரச குடும்பத்துப் பெண்களின் பெயரால் அமைந்தவை. ஒரத்தநாட்டுச் சத்திரம் இரண்டாம் சரபோஜியின் அன்புக்குரிய முக்தாம்பாளின் நினைவாக 1802இல் நிறுவப்பட்டது. யானைகளும் குதிரைகளும் தேரை இழுத்துச் செல்வதுபோல் அதன் கட்டடத்தில் சிற்பங்கள் அமைந்துள்ளன. நடந்து களைத்தவன் கண்ணுக்கு, தன்னை ஏற்றிச் செல்லத் தேரொன்று வழியில் நிற்பதாகத் தோன்றியிருக்கும்.

சத்திரத்துக்குள் என்ன நடந்தது என்பதை அறிய அரியதொரு ஆவணம் நமக்கு இருக்கிறது. 1799 உடன்படிக்கையால் தஞ்சையின் ஆட்சி கும்பினியாரிடம் போய்விட்டது. சத்திரங்களுக்கு விடப்பட்டிருந்த நிலங்களும் பறிபோய்விடுமோ என்று அஞ்சிய சரபோஜி, 1801 ஜனவரியில் தஞ்சையிலிருந்த ஆங்கிலேயப் பிரதிநிதி பெஞ்சமின் டோரினுக்கு ஒரு நீண்ட கடிதம் எழுதினார். பிற்காலத்தில் தரம்பால் தமது நூலில் எடுத்துக்காட்டியதால் பலரும் அறிந்த கடிதம் அது. பிராமணர் முதல் பறையர் வரை எல்லா வழிப்போக்கர்க்கும், யோகிகள், ஜங்கமர், பைராகிகள் முதலான துறவிகளுக்கும் அங்கே சோறு உண்டென்று மன்னர் தெரிவிக்கிறார். சமைத்த சோற்றை ஏற்காதவர்க்கு அரிசியும் பிற பண்டங்களும் கொடுக்கப்படும். நள்ளிரவில் மணி அடித்து, இன்னும் உண்ணாதவர் உண்டா என்று அறிவித்து அழைப்பர். நோயுற்றோர்க்கு மருத்துவர் உண்டு. கருவுற்ற பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் தனிக் கவனிப்பு உண்டு. வழியில் பெற்றோரை இழந்த பிள்ளைகள் ஆசிரியரிடம் ஒப்படைக்கப்படுவர். இறந்தவர்க்கு அவரவர் சாதி முறைப்படி இறுதிக் கடன் செய்யப்படும்.

இன்றைய எந்த விடுதியும் இத்தனையையும் தருவதில்லை. எனினும் கடிதத்தை ஊன்றிப் படிப்பவர்க்கு வேறொன்றும் புலப்படும். விருந்தினர் வரிசை சாதி வரிசையாகவே எழுதப்பட்டிருக்கிறது. சமைத்த சோறு யாருக்கு, பச்சரிசி யாருக்கு என்ற பிரிவும் எவர் கைச் சமையலை எவர் ஏற்பார் என்ற சாதிக் கணக்கின் மேல் நிற்பதுதான். சத்திரம் எல்லோருக்கும் சோறிட்டது; ஆனால் இடுவதற்கு முன் ‘நீ யார்’ என்று கேட்டது. விடை தெரிந்த பிறகே எங்கே அமர்வது, எதை உண்பது, இறந்தால் எப்படி எரிவது என்பதெல்லாம் முடிவாயின. காசு கேட்காத வாசல், பெயரை மட்டும் தவறாமல் கேட்டது.

அவ்வழியே நடந்தவர்கள் தேவிபட்டினத்தில் நவபாஷாணத்தைத் தொழுது, திருப்புல்லாணியை அடுத்த சேதுக்கரையில் நீராடி, மண்டபத்துக்கு வந்து சேர்ந்தனர். அதற்கப்பால் பாம்பன் கால்வாய். கடத்திவிடும் பொறுப்பும் காவலும் சேதுபதி மன்னருடையவை. சேதுபதி என்ற பட்டப்பெயரே அப்பொறுப்பைச் சொல்லும். மண்டபத்தை அடுத்துள்ள தோணித்துறை என்னும் ஊர்ப்பெயர், பாலமில்லாக் காலத்தின் நினைவை இன்னும் சுமந்திருக்கிறது. 1897 ஜனவரியில் இலங்கை வழியாகத் திரும்பிய விவேகானந்தர் கரையிறங்கியது பாம்பனில்தான். பாஸ்கர சேதுபதி அவரை வரவேற்றார். ராமேசுவரம் கோயிலில் நிகழ்த்திய உரையில் அவர், ஏழையிடத்தும் நோயாளியிடத்தும் சிவனைக் காண்பதே மெய்யான வழிபாடு என்று பேசினார். ஏழைகளுக்கு அன்னமும் ஆடையும் வழங்க அவ்வுரையே சேதுபதியைத் தூண்டியதாக அவருடைய வரலாற்றாசிரியர்கள் சொல்வர்.

தீவுக்குள் நகரத்தார் சத்திரமும், வட இந்திய வணிகர்களின் தர்மசாலைகளும், பல்வேறு சமூகத்தாரின் மடங்களும் காலப்போக்கில் எழுந்தன. திருவண்ணாமலைக் கோயிலைச் சுற்றிலும் இதே காட்சியைக் காணலாம். ஒவ்வொரு வாசலிலும் ஒரு சமூகத்தின் பெயர். பிறருடைய சத்திரத்தில் உரிய மதிப்போடு இடம் பெறாதவர்கள், கையில் சற்றுப் பொருள் சேர்ந்ததும் தம்மவர்க்கென்று ஒரு கூரை போட்டுக்கொண்டதன் சின்னங்களாகவும் அவற்றைப் படிக்க இடமுண்டு.

இருப்புப் பாதையும் இருவகைப் பயணிகளும்

1914 பிப்ரவரி 24 அன்று பாம்பன் பாலம் திறக்கப்பட்டது. இரண்டு கிலோமீட்டருக்குச் சற்றுக் கூடுதலான நீளம். கப்பல் வரும்போது இரு கைகளாக மேலெழும்பும் நடுப்பகுதி. சென்னையில் ஏறியவர் தனுஷ்கோடியில் இறங்கி, அங்கிருந்து கப்பலேறித் தலைமன்னார் சேர்ந்து, மீண்டும் ரயிலில் கொழும்பு போகலாம். மக்கள் அதைப் ‘போட் மெயில்’ என்றனர். வாரக்கணக்கில் நடந்தவர்களின் பயணம் ஓர் இரவுக்குள் அடங்கியது. வழிச் சத்திரங்களின் தேவை ஒரே தலைமுறையில் தேய்ந்தது. நள்ளிரவு மணி அடித்து அழைக்க, வழியில் ஆள் இல்லை. ஒரத்தநாட்டுச் சத்திரம் பிற்காலத்தில் மாணவர் விடுதியாயிற்று.

ரயில் எல்லோரையும் ஒரே வேகத்தில் கொண்டுபோனது. ஆனால் ஒரே வகையில் தங்கவைக்கவில்லை. யாத்திரிகர் பாலத்தைக் கடந்து தீவின் சத்திரத்துக்குப் போனார். இலங்கைத் தேயிலைத் தோட்டங்களுக்குக் கங்காணிகள் அழைத்துச் சென்ற கூலித் தொழிலாளி, பாலத்துக்கு இப்பாலேயே மண்டபத்தில் இறக்கப்பட்டார். இந்திய மண்ணில் இலங்கை அரசு நடத்திய முகாம் அது. 20ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் தோட்டங்களுக்குப் போன தமிழர் பல இலட்சம் பேர் அதன் வழியே கடந்தனர். காலராவும் அம்மையும் தீவுக்குள் நுழையாதிருக்க, சில நாள்கள் அடைத்துவைத்து, மருந்து கொடுத்து, ஊசி போட்டு அனுப்பினர். அங்கேயும் சோறு இலவசம். அங்கேயும் கடல் தெரியும். எந்தத் தோட்டத்துக்குப் போகிறார் என்பதைக் குறிக்கும் எண்ணிட்ட தகரச் சீட்டு ஒரு காலத்தில் அத்தொழிலாளிகளின் அடையாளமாக இருந்தது. பெயர் கேட்பதைவிடக் கொடியது பெயரை எண்ணாக்குவது. கடலோரத்தில் மலிவாகத் தங்கிய தமிழர்களின் வரலாற்றை எழுதினால், யாத்திரிகரைவிடப் பெரிய அத்தியாயம் இவர்களுக்குத்தான் அமையும்.

அவர்களுடைய பிள்ளைகளுக்கும் பேரர்களுக்கும் அதே கரை மீண்டும் காத்திருந்தது. 1964 அக்டோபர் 30 அன்று சிறிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தம் கையெழுத்தானது. மலையகத் தமிழரில் 5,25,000 பேரை இந்தியா ஏற்பதென்று முடிவாயிற்று. தேயிலைச் செடிகளுக்கிடையே பிறந்து வளர்ந்தவர்கள், தாம் பார்த்தறியாத ‘தாயக’த்துக்குக் கப்பலேறினர். மண்டபம் முகாம் மறுபடியும் திறந்த வாசலாயிற்று. 1983க்குப் பின் போருக்குத் தப்பி வந்தவர்களும், 2022இன் பொருளாதார நெருக்கடியில் பசிக்குத் தப்பிப் படகேறியவர்களும் அவ்வாசலுக்கே வந்தனர். சில நாள் தங்கல் என்று தொடங்கியது சிலருக்கு வாழ்நாளாகவே நீண்டுவிட்டது.

ஒப்பந்தம் கையெழுத்தாகி எட்டு வாரத்துக்குள், 1964 டிசம்பர் 22 நள்ளிரவை ஒட்டி, பெரும்புயல் தனுஷ்கோடியை விழுங்கியது. பாம்பனிலிருந்து தனுஷ்கோடி நோக்கி வந்த பயணி வண்டி, நிலையத்தை நெருங்கும் தறுவாயில் அலையில் மூழ்கியது. அதில் இருந்த நூற்றுக்கு மேற்பட்டோரும் மாண்டனர். ரயில் நிலையம், சுங்கச் சாவடி, அஞ்சலகம், கோயில், தேவாலயம் என ஒரு துறைமுக ஊருக்கு வேண்டிய யாவும் மணலாயின. அரசு அவ்வூரை மனிதர் வாழத் தகுதியற்றதென அறிவித்தது. சேதமடைந்த பாம்பன் பாலம் 46 நாளில் செப்பனிடப்பட்டது, இ. ஸ்ரீதரன் என்ற இளம் பொறியாளரின் பெயர் முதன்முதலில் நாடறிந்தது அப்போதுதான். பாலம் மீண்டது, தனுஷ்கோடி மீளவில்லை. இன்று அரிச்சல்முனை வரை சாலை இருக்கிறது. பகலில் போய்ப் பார்க்கலாம். இரவு தங்க இயலாது.

வாடகை அறை தந்த விடுதலை

சத்திரம் போய் லாட்ஜ் வந்ததை நம் இலக்கியவாதிகள் பெரும்பாலும் ஓர் இழப்பாகவே எழுதியிருக்கிறார்கள். அறம் வணிகமாயிற்று என்ற வருத்தம் அது. நாம் அதை முற்றாக ஏற்பதற்கில்லை. காசு கொடுத்து அறை எடுப்பவனிடம் சாதி கேட்கும் உரிமை, கேட்பவனுக்குப் படிப்படியாகத்தான் இல்லாமற் போயிற்று. அதற்காகப் போராடியவர்கள் உண்டு.

1920களில் வ.வே.சு. ஐயரின் சேரன்மாதேவி குருகுலத்தில் மாணவர்க்குத் தனிப்பந்தி இட்டது பெரும் பூசலாயிற்று. காந்தியடிகள் வரை அவ்வழக்குப் போனது. ரயில் நிலையச் சிற்றுண்டிச் சாலைகளில் பிராமணர்க்குத் தனியிடம், இதரர்க்குத் தனியிடம் என்றிருந்த ஏற்பாடு, சுயமரியாதை இயக்கத்தாரின் தொடர்ந்த எதிர்ப்புக்குப் பின் 1941இல் ஒழிந்தது. 1950இல் நடைமுறைக்கு வந்த அரசியல் சட்டம் கடைகளிலும் உணவகங்களிலும் விடுதிகளிலும் சாதி, மதத்தின் பெயரால் எவரையும் தடுக்கலாகாது என்றது. அதற்குப் பின்னும் 1957இல் சென்னைத் திருவல்லிக்கேணியில் ஓர் உணவகத்தின் பெயர்ப்பலகையில் இருந்த ‘பிராமணாள்’ என்ற சொல்லை நீக்க, பெரியாரின் தொண்டர்கள் மாதக்கணக்கில் மறியல் செய்து சிறை செல்ல வேண்டியிருந்தது.

இவற்றை நினைவிற்கொண்டால், வரவேற்பு மேசையில் சாவியைத் தள்ளிவைத்து முகத்தைக்கூட நிமிர்ந்து பாராத பணியாளரின் அலட்சியத்திலும் ஒரு விடுதலை ஒளிந்திருப்பது விளங்கும். சுண்ணாம்பு உதிரும் சுவரும், உப்புக் காற்றில் துருப்பிடித்த மின்விசிறியும் உடைய அறைதான் அது; ஆனால் அதற்குள் ஒருவர் எவராகவும் இருக்கலாம். சத்திரத்தின் முற்றத்தில் தனியிடம் காட்டப்பட்டவரின் பேரன், கட்டிலில் கால் நீட்டிப் படுத்துக் கடலைப் பார்க்கலாம்.

அரசும் இம்முயற்சியில் இறங்கியது. 1971இல் தொடங்கப்பட்ட தமிழ்நாடு சுற்றுலா வளர்ச்சிக் கழகம், ‘ஓட்டல் தமிழ்நாடு’ என்ற பெயரில் விடுதிகளைக் கட்டியபோது ராமேசுவரத்துக் கடலோரத்தையும் விடவில்லை. இதற்கொரு கிரேக்க ஒப்புமை உண்டு. 1950களிலும் 60களிலும் கிரேக்க அரசு ‘செனியா’ என்ற பெயரில் விடுதி வரிசை ஒன்றைக் கட்டியது. ஆன்ட்ரோஸ், மிக்கனோஸ் தீவுகளில் அரிஸ் கான்ஸ்டான்டினிடிஸ் என்னும் கட்டடக் கலைஞர் உள்ளூர்க் கல்லையும் எளிய கோடுகளையும் கொண்டு எழுப்பியவை அவற்றுள் புகழ்பெற்றவை. வரிசையில் பல பின்னர் கைவிடப்பட்டுப் பாழடைந்தன.

செனியா என்பது பழைய கிரேக்கச் சொல். விருந்தோம்பல் என்று பொருள். அதன் வேராகிய சொல்லுக்கு அயலான் என்றும் விருந்தினன் என்றும் இரு பொருளுண்டு. நம் ‘விருந்து’ என்ற சொல்லின் முதற்பொருள் புதுமை என்பதையும், அதனால் புதிதாய் வருபவரே விருந்தினர் என்பதையும் தொல்காப்பியம் பயின்றோர் அறிவர். ஹோமரின் காப்பியத்தில் கரையொதுங்கிய ஒடிசியஸ் ஒரு தீவரசனின் அவைக்கு வருகிறான். அவனுக்கு நீரும் இருக்கையும் உணவும் தருகிறார்கள். அவன் யார் என்று அரசன் கேட்பது வெகுநேரத்துக்குப் பின். முதலில் சோறு, பிறகுதான் பெயர் என்பதே அந்த அறத்தின் வரிசை. ஆனால் 2015இல் லெஸ்பாஸ் தீவின் கரையில் ரப்பர்ப் படகுகளில் பல இலட்சம் அகதிகள் வந்திறங்கியபோது, அதே கடற்கரையில் விடுமுறைப் பயணிகளும் இருந்தார்கள். ஒருவர்க்கு அறைச் சாவி, மற்றவர்க்கு முகாமின் கம்பிவேலி. மண்டபத்தை அறிந்த நமக்கு அக்காட்சி புதியதன்று.

மணிபல்லவத்தில் ஒருவன்

பெயர் கேளாமல் சோறிட்ட வாசல்கள் நம்மிடம் இல்லாமலில்லை. வள்ளலார் 1867இல் வடலூரில் தொடங்கிய சத்திய தருமசாலையின் அடுப்பு, சாதி சமயம் கேளாமல் இன்றளவும் எரிகிறது. அதற்கும் வெகுகாலம் முன்னதாக, மணிமேகலைக் காப்பியம் இதை ஒரு தீவின் கதையாகவே சொல்லியிருக்கிறது.

பிறப்பின் பெயரால் ஊராரால் ஒதுக்கப்பட்ட ஆபுத்திரன் கையில் அமுதசுரபி இருந்தது. பசித்தோரைத் தேடிக் கப்பலேறிய அவன், இடைவழியில் மணிபல்லவத்தில் இறங்கினான். இரவில் அவனை மறந்துவிட்டுக் கப்பல் போய்விட்டது. ஆளில்லாத் தீவு, கையில் வற்றாத சோறு, ஏற்பவர் ஒருவருமில்லை. தான் மட்டும் உண்டு வாழ மனமில்லாமல், பாத்திரத்தைக் கோமுகிப் பொய்கையில் விட்டுவிட்டு உண்ணாதிருந்து உயிர் துறந்தான். அப்பாத்திரமே பின்னர் அத்தீவில் மணிமேகலையின் கைக்கு வந்தது. தங்க இடம் தேடும் விருந்தினரின் கதைகள் உலகில் ஏராளம். விருந்தினர் இல்லாமையால் மாண்டவனின் கதை வேறெங்கும் நாம் படித்ததில்லை.

ராமேசுவரத்துக்குத் திட்டமிடும் நண்பர்களுக்கு நடைமுறைச் செய்தி சிறிதேனும் சொல்ல வேண்டும். 1914இன் பழைய பாலத்தில் 2022 டிசம்பரில் ரயில் போக்குவரத்து நின்றது. 2025 ஏப்ரல் 6 அன்று புதிய பாலம் திறக்கப்பட்டது. வண்டிகள் மீண்டும் தீவுக்குள் போகின்றன. கோயில் நிர்வாகத்தின் விடுதி, சுற்றுலாக் கழக விடுதி, சமூக மடங்கள், சந்நிதி வீதிகளின் லாட்ஜுகள் என நான்கு வகை உண்டு. ஆடி, தை அமாவாசைகளைத் தவிர்த்தால் அறை எளிதாகவும் மலிவாகவும் கிடைக்கும். அடையாள அட்டையை மறக்க வேண்டாம். சத்திரம் சாதியைக் கேட்டது. முகாம் எண்ணைக் கேட்டது. இன்றைய மேசை ஆதாரைக் கேட்கிறது. தனியே வரும் பெண்ணிடமும், மணமாகாமல் சேர்ந்து வரும் இருவரிடமும் இன்னும் பல கேள்விகளைக் கேட்கிறது.

பாலத்தைக் கடக்கும் முன், மண்டபத்தில் வண்டி மெதுவாகச் செல்லும்போது சன்னல் வழியே வலப்புறமும் இடப்புறமும் ஒருமுறை பார்க்கும்படி கேட்டுக்கொள்கிறோம். நாம் இரண்டு இரவுக்குத் தேடிப்போகும் அதே கடலை, போக வேறு இடமின்றி ஆண்டுக்கணக்கில் பார்த்துக்கொண்டிருப்பவர்கள் அங்கே இருக்கிறார்கள். திரும்பி வந்தபின், அடுத்த தீபத்துக்கு வேங்கிக்காலில் நம் வீட்டுக் கதவைத் தட்டுபவரிடம், எந்த ஊர், என்ன ஆட்கள் என்று விசாரிப்பதற்கு முன் ஒரு செம்புத் தண்ணீர் கொடுக்க முடிந்தால், அப்பயணத்தின் செலவு வீணாகவில்லை என்று கொள்ளலாம்.